கண்ணன் ஏன் குண்டாகவே இருக்கிறான்?

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் கற்று வருகிறேன். வெண்ணெய்த்தாழிக் கண்ணனை நிஜக் குழந்தை போலச் சற்று ஒல்லியாக வரைந்தேன். தங்க ரேக் ஒட்டி, கல் பதித்த பிறகும் படம் எடுபடவில்லை. வடிவத்தை மாற்றினால் இவ்வளவு வித்தியாசம் வருமா?
– ஒரு வாசகி, திருவையாறு

பதில்: வரும். தஞ்சாவூர்ப் படத்தில் பாதி வேலை வடிவத்துடையது. எண்ணெய் ஓவியர் வெளிச்சமும் நிழலும் வைத்தே கன்னத்தைத் திரட்டிவிடுவார். தங்க ரேக் ஒட்டிய இடத்தில் நிழல் தீட்ட வழியில்லை. நமக்கு உள்ளது கோடும், மக்குப் பசையால் எழுப்பும் மேடும்தான். பூஜை அறையில் எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், தள்ளி நின்று பார்த்தாலும் சாமி இன்னார் என்று தெரிய வேண்டும். உருண்டை முகமும் பெரிய கண்ணும் அதற்காகத்தான். நடுவில் பெரிதாகச் சாமி, பக்கத்தில் சிறிதாக மற்றவர்கள் என்ற கணக்கும் அப்படியே.

இனி கண்ணனைச் சுற்றி வரையும் மண்டபத்தைப் பாருங்கள். இரண்டு தூண், மேலே வளைவு, ஒதுக்கிக் கட்டிய திரைச்சீலை. அந்த வளைவின் வட்டம்தான் கண்ணனின் தலையிலும் தோளிலும் தொந்தியிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நீங்கள் கண்ணனை இளைக்க வைத்து, மண்டபத்தை அப்படியே விட்டிருப்பீர்கள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகியிருக்கும்.

எல்லாம் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் திரிபுராந்தகர் ஓவியத்தைப் புத்தகத்திலாவது பாருங்கள். உள்ளே போகப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. தேரில் கால் அகட்டி, வில்லோடு நிற்கிறார் சிவன். எதிரே அசுரர் கூட்டம். போரின் வேகம் முழுக்க அவர் நிற்கும் சாய்கோட்டில் இருக்கிறது. என் ரசனைக்கு நம் தஞ்சாவூர்ப் பலகைப் படங்களைவிட அது ஒரு படி மேல். ஆனால் அதே உருவத்தை உங்கள் மண்டபத்துக்குள் வைத்தால் வில் தூணில் இடிக்கும்.

அடுத்த முறை மக்கு வைக்கும் முன், கண்ணனையும் மண்டபத்தையும் தாளில் வெறும் கறுப்பு மையால் நிரப்பிச் சுவரில் ஒட்டுங்கள். கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்ததும் கண்ணன் என்று தெரிகிறதா? ஒல்லிக் கண்ணன்தான் வேண்டுமென்றால் தூண்களை நெருக்கி, வளைவையும் குறுக்குங்கள். ரேக் ஒட்டிய பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று மட்டும் இருக்காதீர்கள். தங்கம் விற்கிற விலைக்குக் கட்டுபடியாகாது.