வெட்டிய மரத்தை இழுக்க வீட்டிலேயே ஒரு வளைவு வண்டி

வரப்போரம் நாலு தேக்கு, கிணற்றடியில் இரண்டு வேம்பு, களத்து மேட்டில் ஒரு வாகை. சிறு விவசாயி மரம் வளர்ப்பது பெரும்பாலும் இப்படித்தான். வெட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடும். வெட்டிய மரத்தை லாரி நிற்கும் பாதைக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் முன்பு ஒரு தேக்கு மரத்தைக் கயிறு கட்டி ஆறு பேர் இழுத்தோம். வாய்க்கால் கரையில் கட்டையின் முனை குத்தி நின்றது. ஒருவர் கடப்பாரையால் நெம்பினார். கட்டை புரண்டது. அவருடைய கால் பெருவிரல் நசுங்கி, நடவுக் காலம் முழுவதும் அவர் வேலைக்கு வர முடியவில்லை. தவறு அவருடையது அல்ல. முனை தரையில் உழுதுகொண்டு போகும் வரை எந்தக் கட்டையும் இப்படித்தான் குத்தி நிற்கும், பிறகு எதிர்பாராத பக்கம் புரளும். முனையைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்கிவிட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும். வரப்பும் கெடாது, அடிமரத்தில் மண்ணும் கல்லும் ஏறாது. மண் ஏறிய கட்டையில் ரம்பத்தின் பல் மழுங்கும் என்று மர அறுவைக்காரர்கள் குறை சொல்வதுண்டு.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1870-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சைலஸ் ஓவர்பாக் என்ற வண்டிப் பட்டறைக்காரர், ஆள் உயரத்தைத் தாண்டிய இரண்டு பெரிய சக்கரங்களை ஓர் அச்சில் பூட்டி, அதன் கீழே மரத்தைத் தொங்கவிட்டு இழுக்கும் வண்டியைச் செய்து விற்றார். ஏர்க்காலை மேலே தூக்கி மரத்தைச் சங்கிலியால் கட்டுவது, பிறகு ஏர்க்காலைக் கீழே இழுத்து மரத்தை உயர்த்துவது, இதுதான் அதன் சூட்சுமம். நாம் செய்யப் போவதும் அதன் குட்டி வடிவமே.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள்

மர வியாபாரி கன அடி போடும்போது சுற்றளவில் கால் பங்கை எடுத்துப் பெருக்குவார். அந்தக் கணக்கு விற்பனைக்கு உரியது. உண்மையான கன அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் விட்டுப்போகும். அதை நம்பிச் சங்கிலி வாங்கக் கூடாது. சுற்றளவை அடிக்கணக்கில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, வருவதை 12.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ உண்மையான கன அடி கிடைக்கும். பச்சை மரத்துக்குக் கன அடிக்கு 28 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 3 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை 7 கன அடிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 200 கிலோ. சுற்றளவு நாலரை அடியானால் அதே நீளக் கட்டை 450 கிலோவைத் தாண்டும். இங்கே சொல்லும் வண்டி முதல் கட்டைக்குத்தான். இரண்டாவதைக் குறுக்கே அறுத்துச் சிறிதாக்க வேண்டும், அல்லது கிரேனுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

செய்முறை

பழைய இரும்புக் கடையில் 2 அடி விட்டமுள்ள கார் சக்கரங்கள் இரண்டு, அவற்றின் குட்டை அச்சு, பேரிங்கோடு வாங்குங்கள். பேரிங் ஆடினால் வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் ஒரே நேர் அச்சில் கோத்தால் கட்டை நடுவே நுழைய இடம் இருக்காது. ஆகவே ஒவ்வொரு குட்டை அச்சிலிருந்தும் 2 அடி உயரத்துக்கு ஒரு கால் நிறுத்தி, இரண்டு கால்களின் தலையையும் மூன்றரை அடி நீளக் குறுக்குக் குழாயால் இணைக்க வேண்டும். பார்ப்பதற்கு வாசல் நிலை போல இருக்கும். 2 அங்குலக் கனத்த குழாய் போதும். குழாயை வளைக்க முயல வேண்டாம், வளைத்த இடம் நசுங்கிப் பலம் குறையும். மூலைகளில் கால் அங்குல முக்கோணத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள்.

பட்டறையில் இரண்டு விஷயங்களை நீங்களே கூட நின்று பார்க்க வேண்டும். சக்கரத்தில் டயர் மாட்டியிருக்கும்போது அதன் அருகே வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் டயர் வெடித்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. துத்தநாகம் பூசிய குழாயானால் வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், அந்தப் புகை காய்ச்சலைக் கொடுக்கும்.

ஏர்க்காலும் அதே குழாய்தான், 7 அடி நீளம். குறுக்குக் குழாயின் நடுவில் பற்றவைத்து, இரு கால்களிலிருந்தும் சாய்வாக இரண்டு தாங்கு கம்பிகள் கொடுக்க வேண்டும். இந்தத் தாங்கு கம்பி இல்லாமல் செய்த வண்டி, முதல் மரத்திலேயே ஏர்க்காலை ஒடித்துக்கொள்ளும். நுனியில் 10 அடிக் கயிறு ஒன்றைக் கட்டி வையுங்கள். குறுக்குக் குழாயின் நடுவே சங்கிலி மாட்ட ஒரு கொக்கி. சங்கிலி 10 மில்லி கனம், இரும்புக் கடையில் எடை தூக்குவதற்கென்று கேட்டு வாங்கியதாக இருக்கட்டும். கிணற்று வாளிச் சங்கிலியோ, போல்ட் போட்டு ஒட்டிய சங்கிலியோ வேண்டாம். நைலான் கயிறு நீண்டு, அறுந்தால் சவுக்கடி போல் திரும்பி வரும்.

தூக்குவதும் கட்டுவதும்

கட்டையின் இருபுறமும் கல்லோ ஆப்போ வைத்து உருளாமல் நிறுத்துங்கள். ஏர்க்காலை மேலே நிமிர்த்தி, வண்டியைக் கட்டையின் அடிமுனைக்கு மேல் தள்ளுங்கள். குறுக்குக் குழாய் பின்னால் சாய்ந்து கட்டைக்கு அருகே இறங்கும். முனையிலிருந்து ஓர் அடி விட்டுச் சங்கிலியைச் சுற்றி, ஓர் அடி தளர்வோடு கொக்கியில் மாட்டுங்கள். அந்தத் தளர்வினால் கட்டை ஓர் அடிதான் உயரும், அது போதும். அதற்கு மேல் தூக்கினால் வண்டி கவிழும்.

இப்போது கயிற்றைப் பிடித்து ஏர்க்காலைக் கீழே இழுக்க வேண்டும். 200 கிலோ கட்டையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 115 கிலோ, வண்டியில் ஏறும். ஏர்க்கால் 7 அடி, கால் 2 அடி என்பதால் கைக்கு 30 கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். ஆனால் பாதி வழியில் கை நழுவினால் ஏர்க்கால் அதே வேகத்தில் மேலே பாயும். தாடை உடையும் இடம் இதுதான். நுனிக்கு நேர் மேலாக முகத்தை நீட்டக் கூடாது. பக்கவாட்டில் நின்று இருவராக இழுங்கள். கீழே வந்ததும் கையை எடுப்பதற்கு முன்பே, ஏர்க்காலையும் கட்டையின் முனையையும் இரண்டாவது சங்கிலியால் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். பலரும் இதைச் சோம்பலில் விடுகிறார்கள். இந்தக் கட்டு இருந்தால்தான் ஏர்க்கால் பாயாது, கட்டையும் முன்னால் ஊசலாடி இழுப்பவரின் குதிகாலில் இடிக்காது.

மாடு பூட்டுவதானால், ஏர்க்காலோடு மரக்கழி சேர்த்து 10 அடியாக்கி நுகத்தடியைக் கட்டலாம். தூக்கிக் கட்டி முடிந்த பிறகே மாட்டைப் பூட்ட வேண்டும். டிராக்டரானால் அடியில் உள்ள டிராபாரில் மட்டுமே மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேலே கட்டி இழுத்தால், கட்டை எங்காவது குத்தும் நொடியில் முன்சக்கரம் எழும்பி டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே புரளும். முதல் கியர், நடை வேகம், அதற்கு மேல் வேண்டாம்.

கட்டையின் பின்முனை தரையில் உரசிக்கொண்டு வருவது குறை அல்ல. இறக்கத்தில் அதுதான் பிரேக். முழுக்கட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கினால் வண்டி ஆளைத் துரத்தும். சற்றே சரிவான இடமானால், தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் போல, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஆப்போடு நடக்கட்டும். அவர் பக்கவாட்டில் நடக்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னால் அல்ல. செங்குத்தான சரிவில் இந்த வண்டியைக் கொண்டுபோகவே கூடாது. மழை பெய்து இரண்டு நாள் ஆகாத களிமண் நிலமும் அப்படித்தான்.

வயலுக்கு எடுத்துப் போகுமுன் ஒரு கட்டையைத் தூக்கிக் கட்டி, பத்து நிமிடம் விட்டுவிட்டு, பற்றவைத்த மூலைகளில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மலைப் பகுதிகளில் இருப்பவர்கள் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்கிய பிறகே மரத்தில் கோடரி வைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இறக்கும்போது வரிசை தலைகீழ். முதலில் கட்டைக்கு ஆப்பு. பிறகு இருவர் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் பக்கவாட்டில் நின்று ஏர்க்கால் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். கயிற்றை மெதுவாக விட்டு, கட்டை தரையில் அமர்ந்து சங்கிலி தளர்ந்த பிறகே கொக்கியில் கை வைக்கலாம்.