டீசல் எஞ்சினின் எரிபொருட் பம்பி: உறுப்புகளை இனங்காணலும் மாற்றலும்

காலபோக விதைப்புக்கு நிலம் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் இரு சில்லு உழவு இயந்திரம் நின்றுவிடின் விதைப்புப் பிந்தும். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் எஞ்சின் நின்றுவிடின் மிளகாயும் வெங்காயமும் வாடும். இவ்வேளையில் கமக்காரர் சிலர், ஆராயாமலே முழுப் பம்பியையும் மாற்றிப் பொருளை இழக்கின்றனர். பல சந்தர்ப்பங்களில் குற்றம் பம்பியில் இருப்பதில்லை. இருந்தாலும், அதன் ஓர் உறுப்பை மாற்றுவதே போதுமாகும்.

பம்பியின் தொழில்

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில், தாங்கியிலுள்ள டீசல் வடியூடாகப் பம்பியை அடைகின்றது. பம்பி அதனைச் சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிலோகிராமுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் நொசிலுக்கு அனுப்புகின்றது. இவ்வகைப் பம்பிகள் 1927ஆம் ஆண்டில் ஜேர்மனியில் பெருந்தொகையாகச் செய்யப்படத் தொடங்கின. இன்றும் பல எஞ்சின்களின் பம்பிகள் அதே அமைப்பில் உள்ளமையால், வெவ்வேறு எஞ்சின்களின் உறுப்புகள் தோற்றத்தில் ஒத்திருக்கும். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

பம்பியைக் கழற்றுமுன்

1. தாங்கியில் டீசல் உண்டா, திறப்பு திறந்துள்ளதா, வடி அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

2. பம்பியிலுள்ள காற்றுத் திருகாணியைத் தளர்த்தி, குமிழியின்றி டீசல் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். குழாயில் அடைபட்ட காற்றே எஞ்சின் இயங்காமைக்குப் பெரும்பாலும் காரணமாகும்.

3. நொசிலைக் கழற்றி, வெளிப்புறம் நோக்கி அதன் குழாயில் பூட்டி, எஞ்சினைக் கையாற் சுழற்ற வேண்டும். டீசல் புகைபோல நுண்ணியதாகத் தெறித்தால் பம்பியும் நொசிலும் நன்றாயுள்ளன. துளிதுளியாக ஒழுகினால் நொசிலை முதலிற் பரிசோதிக்க வேண்டும். தெறிக்கும் டீசலின் எதிரே கையையோ முகத்தையோ வைத்தலாகாது. அது தோலைத் துளைத்து உட்புகும். அவ்வாறு நேர்ந்தால், காயம் சிறிதாகத் தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

உறுப்புகளும் பழுதின் அறிகுறிகளும்

பிளஞ்சரும் பரலும்: பரல் என்பது உருளை வடிவான கூடு. அதனுள் மேலுங்கீழும் ஓடும் தண்டே பிளஞ்சர். இரண்டுக்கும் இடையேயுள்ள வெளி ஏறக்குறைய 0.002 முதல் 0.003 மில்லிமீற்றர் மட்டுமே. இவை தேய்ந்தால் எஞ்சின் வலுக் குறையும். சூடேறி நின்றபின் மீண்டும் இயங்க மறுக்கும். எஞ்சினுடலில் நேரே பூட்டப்பட்ட பம்பியாயின், டீசல் கீழே கசிந்து மசகெண்ணெயிற் கலக்கும். எண்ணெயின் மட்டம் உயர்ந்து டீசல் மணத்தால், எண்ணெயை மாற்றாமல் எஞ்சினை ஓட்டலாகாது.

டெலிவரி வால்வும் இருக்கையும்: இவை பம்பியின் உச்சியில் உள்ளன. குழாயைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றாமல் விட்டாலும், மேலிருந்து டீசல் தொடர்ந்து ஊறினால் இவ்வால்வு சரியாக மூடவில்லை என அறியலாம்.

றாக்கும் பற்சில்லும்: பிளஞ்சரைத் திருப்பி, செல்லும் டீசலின் அளவை மாற்றுபவை. றாக் இறுகினால் எஞ்சினின் வேகம் ஏறியிறங்கும்.

சிம் தகடுகள்: பம்பிக்கும் எஞ்சினுடலுக்கும் இடையேயுள்ள மெல்லிய தகடுகள். இவற்றைக் கூட்டினால் டீசல் தெறிக்கும் நேரம் பிந்தும், குறைத்தால் முந்தும்.

உறுப்பு வாங்குதல்

பிளஞ்சரும் பரலும் ஒன்றோடொன்று அரைத்துப் பொருத்தப்பட்ட சோடி. டெலிவரி வால்வும் இருக்கையும் அவ்வாறே. ஒன்று பழுதானால் சோடியாகவே மாற்ற வேண்டும். பழைய உறுப்பைக் கடைக்குக் கொண்டுசென்று, அதில் பொறித்த எண், விட்டம், பிளஞ்சரில் வெட்டிய சரிவின் திசை ஆகியவற்றை ஒப்பிட்டு வாங்க வேண்டும். புதிய பிளஞ்சரைச் சுத்தமான டீசலில் நனைத்து, மூன்றிலொரு பங்கு வெளியே இழுத்துச் சரிவாகப் பிடித்தால், அது தன் பாரத்தாலே மெதுவாக இறங்க வேண்டும்.

மாற்றும் முறை

வெளிப்புறத்தைக் கழுவிய பின்னரே பம்பியைத் திறக்க வேண்டும். மண் பறக்கும் வயலில் இவ்வேலை கூடாது. பஞ்சோ நூல் உதிரும் துணியோ கொண்டு உறுப்புகளைத் துடைக்கலாகாது. சுத்தமான டீசலிற் கழுவினாற் போதும்.

சிம் தகடுகளை எண்ணி, ஒன்றாகக் கட்டி வைக்க வேண்டும். பரலின் பள்ளம் பம்பியுடலிலுள்ள ஆணியிற் பொருந்தும்படி இறக்கி, அதன்மேல் டெலிவரி வால்வு, வாசர், சுருள்வில் என்பவற்றை வைத்து மேல்நட்டை இறுக்க வேண்டும். றாக்கின் குறியும் பற்சில்லின் குறியும் நேர்படவேண்டும். பிளஞ்சரிலுள்ள குறியும் அவ்வாறே. பூட்டியபின் றாக் தடையின்றி ஓடவேண்டும். ஓடாவிடின் எஞ்சினிற் பூட்டாது, மீண்டும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

இயக்குமுன் கவனிக்க வேண்டியது

பம்பியை எஞ்சினிற் பூட்டும்போது, றாக்கின் முனை கவர்னரின் கவைக்குள் அமர்ந்ததா என்பதைக் கண்ணாற் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். அமராவிடின் எஞ்சின் அடங்காத வேகத்தில் ஓடி உடையலாம். அருகில் நிற்பவருக்கும் ஆபத்தாகும். ஆகவே முதன்முறை இயக்கும்போது, காற்று உட்செல்லும் வாயை மூடத்தக்க பலகைத் துண்டொன்றைக் கையருகே வைத்திருத்தல் நன்று. வேகம் அடங்காது ஏறினால் அப்பலகையால் வாயை இறுக மூடி எஞ்சினை நிறுத்தலாம். கையாலோ துணியாலோ மூட முயலக்கூடாது.

பம்பியின் ஆயுளைக் காப்பது சுத்தமான டீசலே. தாங்கியை வடிகட்டி நிரப்புதலும், அடியில் தேங்கும் நீரை வெளியேற்றுதலும், வடியை உரிய காலத்தில் மாற்றுதலும் சிறு வேலைகளே. விதைப்புக்கு முன்னரே இவற்றைச் செய்துகொள்ளும் கமக்காரர், பதமான நாட்களில் பம்பியைக் கழற்ற வேண்டிய நிலைக்கு ஆளாகார்.