பேச்சுத்துணை

நுழையும் முன்

செடி வளர்ப்போர் இருவர் சந்தித்தால் எதைப் பற்றிப் பேசுவர்? உரம், பூச்சி, மழை, விதை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவர். ஆனால் கால்மணி நேரம் கழித்து மீண்டும் செவிசாய்த்துப் பாருங்கள். பேச்சு, மகளின் தேர்வுக்கோ மூட்டுவலிக்கோ சொந்த ஊர்த் திருவிழாவுக்கோ சென்றிருக்கும். தொடங்கிய பொருளை விட்டுப் பேச்சு இவ்வாறு வழிமாறிச் செல்வது குற்றமா, குணமா? இப்பாடம் அதனை ஆராய்கிறது.

1. பாடத்தின் நடுவே பிறந்த நந்தவனம்

மாணவர்களே! நீங்கள் வாழும் திருப்பதியும் சித்தூரும் தமிழும் தெலுங்கும் கலந்து வாழும் நிலம். பழந்தமிழ் நூல்கள் வேங்கட மலையைத் தமிழகத்தின் வட எல்லையாகக் குறித்தன. 1911ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவாக்கப்பட்டது. அம்மாவட்டத்தில் இருந்த திருத்தணி, 1960இல் தமிழ்நாட்டுடன் இணைந்தது. திருப்பதி 2022இல் தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக்கோடுகள் இடம் மாறின. இரு மொழிகளின் உறவோ மாறவில்லை.

இந்நிலத்தின் புகழ்பெற்ற தோட்டம் ஒன்றின் கதையை வைணவ மரபு கூறுகிறது. திருவரங்கத்தில் இராமானுசர் தம் மாணவர்களுக்கு நம்மாழ்வாரின் திருவாய்மொழியை விளக்கிக்கொண்டிருந்தார். திருவேங்கடத்தின் பூக்களைப் போற்றும் பாசுரம் வந்தது. இராமானுசர் விளக்கத்தை நிறுத்தினார். திருமலைக்குச் சென்று, அங்கேயே தங்கி, நந்தவனம் அமைத்து மலர்த்தொண்டு செய்ய வல்லவர் எவரேனும் உண்டா என்று வினவினார். அக்காலத்தில் திருமலை குளிரும் காடும் மிகுந்த இடம். அவையில் அமைதி நிலவியது. அனந்தாழ்வான் என்னும் மாணவர் மட்டும் எழுந்து நின்றார். அவர் மனைவியுடன் திருமலைக்குச் சென்று, நந்தவனத்தையும் அதற்கு நீர்தரும் ஏரியையும் அமைத்து, அவற்றுக்குத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நடந்துகொண்டிருந்தது பாட்டின் விளக்கம். ஆசிரியரின் கேள்வியோ பாடத்துக்குப் புறம்பானது. அக்கேள்வி எழாதிருந்தால், பாசுரத்தின் பொருள் மாணவர்களுக்கு விளங்கியிருக்கும். நந்தவனம் மட்டும் தோன்றியிருக்காது.

ஏரி வெட்டும்போது நிகழ்ந்ததாகக் கூறப்படும் செய்தியும் சிந்திக்கத்தக்கது. அனந்தாழ்வான் மண்ணை வெட்டினார். கருவுற்றிருந்த அவர் மனைவி மண்கூடையைச் சுமந்தார். சிறுவன் ஒருவன் வந்து, அவர் படும் துன்பம் கண்டு, கூடையை வாங்கிச் சுமந்தான். தொண்டில் பிறருக்குப் பங்கு தர விரும்பாத அனந்தாழ்வான் சினங்கொண்டு கடப்பாரையை வீசினார். அது சிறுவனின் மோவாயில் பட்டது. சிறுவன் கோயிலுக்குள் ஓடி மறைந்தான். பின்னர், இறைவன் திருமேனியின் மோவாயில் குருதி வழிவதைக் கண்ட அனந்தாழ்வான் மனமுருகிப் பச்சைக் கருப்பூரம் அப்பினார். இன்றும் திருமலையில் இறைவனின் மோவாயில் பச்சைக் கருப்பூரம் சாத்தப்படுகிறது. அந்தக் கடப்பாரை எனக் கூறப்படுவதைக் கோயில் பெருவாயிலில் காணலாம். வேலையை மட்டும் பார்த்தவர் கணவர். வேலை செய்பவரின் களைப்பைப் பார்த்தவன் சிறுவன். கதை எவர் பக்கம் நிற்கிறது என்பதை நீங்களே உணர்வீர்கள்.

2. உடன்பிறந்தாள் ஆன மரம்

செடியைப் பற்றிய பேச்சு மனிதரைப் பற்றிய பேச்சாக மாறுவது தமிழுக்குப் புதிதன்று. நற்றிணையின் 172ஆம் பாடல் இதற்குச் சான்று. விளையாடும்போது வெண்மணலில் அழுத்தி மறந்துவிட்ட புன்னை விதை ஒன்று முளைத்தது. அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி அன்போடு வளர்த்தனர். அம்மரம் உங்களுக்கு உடன்பிறந்தவள் முறை என்று தாய் கூறியிருந்தாள். ஆகவே அதன் நிழலில் நின்று தலைவனோடு சிரித்து விளையாட நாணமாக இருக்கிறது என்று தோழி கூறுகிறாள். பேச்சு மரத்தில் தொடங்கியது. ஆனால் அவள் சொல்ல விரும்பியதோ மனத்தில் இருந்த வேறொரு செய்தி. நேரே சொல்லக் கூச்சமானதைச் சொல்ல மரம் ஒரு வழியாயிற்று.

தொலைநாட்டிலும் இத்தகைய நிகழ்வைக் காணலாம். செருமனியின் லைப்சிக் நகரில் 1865ஆம் ஆண்டு குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டுத்திடல் திறக்கப்பட்டது. பின்னர் அதன் ஓரத்தில் குழந்தைகள் செடி வளர்க்கச் சிறு பாத்திகள் அமைக்கப்பட்டன. நாளடைவில் பெற்றோரே பாத்திகளைப் பேணத் தொடங்கினர். அவை குடும்பத் தோட்டங்களாக வளர்ந்தன. நகரத்து மக்கள் ஓய்வு நாளில் கூடிப் பேசும் இடங்களாகவும் அவை விளங்கின.

3. மொட்டைமாடியில் ஒரு காலை

பின்வருவது கற்பனை உரையாடல். திருப்பதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. செடி வளர்ப்போர் ஞாயிறுதோறும் மொட்டைமாடியில் கூடி விதைகளையும் கன்றுகளையும் பரிமாறிக்கொள்வர். வேலூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் முதியவர் ஒருவரும், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அண்டைவீட்டு அம்மையாரும் பேசுகின்றனர்.

முதியவர்: செடியில் மொட்டுகள் உதிர்கின்றன அம்மா. இலையின் அடியில் பஞ்சுபோல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

அம்மையார்: எந்தச் செடி ஐயா? மந்தாரமா?

முதியவர்: மந்தாரை இல்லை, செம்பருத்தி.

அம்மையார்: (சிரித்து) நாங்கள் செம்பருத்தியைத்தான் மந்தாரம் என்போம். அது மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி லிட்டர் வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலை வேளையில் இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள்.

முதியவர்: அப்படியே செய்கிறேன். செடிகளை எல்லாம் என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு எனக்குப் பூச்சியின் பெயர்கூடத் தெரியவில்லை.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.)

அம்மையார்: ஐயா, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?

முதியவர்: மகனும் மருமகளும் ஏழு மணிக்கே வேலைக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். எனக்கென்று எடுத்து வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். தனியாக உட்கார்ந்து உண்ண மனம் வருவதில்லை.

அம்மையார்: நாளை எங்கள் வீட்டில் பெசரட்டு. எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். வரும்போது அந்தச் செம்பருத்தியில் ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுவாருங்கள். பூச்சி குறைந்ததா என்று பார்ப்போம்.

இவ்வுரையாடலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். உணவைப் பற்றிய கேள்வி செடிக்குத் தொடர்பற்றது. அக்கேள்வியை எழுப்பியது, முதியவர் வாய்தவறி உதிர்த்த ஒரு வாக்கியம். அம்மையார் அதனைக் கேட்டும் கேளாதவர்போல மீண்டும் வேப்பெண்ணெயைப் பற்றிப் பேசியிருக்கலாம். அப்போது செடி பிழைத்திருக்கும். முதியவரின் தனிமை அப்படியே இருந்திருக்கும்.

இறுதியில் இலையைக் கொண்டுவரச் சொன்னது ஏன்? பிறர் தம்மைக் கண்டு இரங்குவதை முதியவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. செடியைக் காட்ட வருகிறோம் என்ற எண்ணம் இருந்தால், அவர் தலைநிமிர்ந்து வருவார். விலகிய பேச்சை அம்மையார் மீண்டும் செடிக்கே கொண்டுவந்தது இதனால்தான். பேச்சை எங்கே விடுவது, எங்கே திருப்புவது என்று அறிவதும் ஒரு நாகரிகம்.

4. இது பயனில்லாத சொல்லா?

திருக்குறளில் 20ஆம் அதிகாரம் பயனில சொல்லாமை. தொடங்கிய பொருளை விட்டு வேறொன்றைப் பேசுவது பயனில்லாத பேச்சாகாதா என்று உங்களுள் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி.

வள்ளுவர் கடிவது பயனற்ற சொல்லை. பொருள் மாறிய சொல்லை அன்று. பேச்சு எதைப் பற்றித் தொடங்கியது என்பது ஒரு செய்தி. அதனால் எவருக்கு நன்மை விளைந்தது என்பது மற்றொரு செய்தி. முன்னதைக் கொண்டு பின்னதை முடிவுசெய்ய இயலாது. தனித்திருக்கும் ஒருவரைப் பார்த்து உண்டீரா என்று கேட்பது 10ஆம் அதிகாரமான இனியவை கூறலைச் சேர்ந்தது. அங்கே இல்லாத ஒருவரின் குறையைப் பேசுவதோ 19ஆம் அதிகாரமான புறங்கூறாமை விலக்குவது. இரண்டும் தோட்டத்துக்குப் புறம்பான பேச்சுகளே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

ஆகவே, பேச்சு வழிமாறும்போது மூன்று வினாக்களை மனத்தில் கொள்வோம். உதவி கேட்டு வந்தவருக்கு முதலில் விடை கிடைத்ததா? பேசப்படுபவர் அருகில் இருந்தாலும் இதையே பேசுவோமா? கூட்டத்தில் எவரேனும் பேச இடமின்றி ஒதுங்கி நிற்கிறாரா? இம்மூன்றுக்கும் நல்ல விடை இருந்தால், பேச்சு தன் போக்கில் செல்லலாம்.

5. வீட்டுமொழி வாழும் இடம்

தமிழில் பேச்சுத்துணை என்றோர் அழகிய சொல் உண்டு. வழிக்குத் துணை வழித்துணை; பேசுவதற்குத் துணை பேச்சுத்துணை. அதுபோலப் பேச்சுவாக்கில், பேச்சோடு பேச்சாக என்னும் தொடர்களும் உண்டு. திட்டமிடாத பேச்சின் இடையே முக்கியமான செய்தி வெளிப்படும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதற்கு இச்சொற்களே சான்று.

பிற மாநிலத்தில் வளரும் உங்களுக்கு இதில் ஒரு தனிப்பயன் உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் தெலுங்கும் பேசுகிறீர்கள். தமிழோ வீட்டில் சாப்பிட்டாயா, படித்தாயா, தூங்கு என்னும் சில சொற்களுக்குள் சுருங்கிவிடுகிறது. ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கிறார். நலமா என்கிறார், நலம் என்கிறீர்கள். சாப்பிட்டாயா என்கிறார், சாப்பிட்டேன் என்கிறீர்கள். பிறகு பேச ஒன்றுமின்றித் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். பாட்டியிடம் அன்பில்லாமல் அவ்வாறு செய்வதில்லை. பேச்சைத் தொடங்க ஒரு பொருள் கைவசம் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த முறை ஒரு செடியைப் பற்றிக் கேளுங்கள். கொல்லைப்புறத்து முருங்கை காய்த்ததா என்று கேட்டுப் பாருங்கள். முருங்கையிலிருந்து புயலில் முறிந்த கிளைக்கும், அதிலிருந்து அம்மாவின் சிறுவயதுக்கும் பேச்சு செல்லும். அது செல்லும் வழியெல்லாம் நீங்கள் அறியாத தமிழ்ச்சொற்கள் உங்களை வந்தடையும். பாட்டிக்கும் ஒரு பேச்சுத்துணை கிடைக்கும்.

அறிந்துகொள்வோம்: தமிழும் தெலுங்கும்

• தமிழில் செம்பருத்தி, தெலுங்கில் மந்தாரம். தமிழில் மந்தாரை என்பது வேறொரு மரம்.
• தமிழில் செடி என்பது சிறியது. தெலுங்கில் செட்டு என்பது மரம்.
• தமிழில் மொக்கு என்றால் அரும்பு. தெலுங்கில் மொக்க என்றால் சிறு செடி. அரும்பு என்பது மொக்க அன்று, மொக்³க³ (இதில் ககரத்தை மெலிதாக ஒலிக்க வேண்டும்).
• தமிழில் முல்லை, தெலுங்கில் மொல்ல. தெலுங்கில் இராமாயணம் பாடிய பெண்பாற் புலவரின் பெயரும் மொல்ல.
• தமிழில் அக்கா, அத்தை; தெலுங்கில் அக்க, அத்த.

சொற்பொருள்

நந்தவனம் – பூந்தோட்டம். மோவாய் – முகவாய்க்கட்டை. புறங்கூறல் – ஒருவர் இல்லாதபோது அவரைப் பழித்துப் பேசுதல். பெசரட்டு – பச்சைப்பயற்றை அரைத்துச் சுடும் தோசை. கடிதல் – விலக்குதல்.

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. இராமானுசரின் வினாவுக்கு எழுந்து நின்றவர் ________.
2. நற்றிணை 172ஆம் பாடலில் இடம்பெறும் மரம் ________.
3. சித்தூர் மாவட்டம் உருவான ஆண்டு ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. முதியவரின் எந்த வாக்கியம் பேச்சின் போக்கை மாற்றியது?
2. இலையைக் கிள்ளிக் கொண்டுவருமாறு அம்மையார் கூறியது ஏன்?
3. மந்தாரம் என்னும் சொல்லால் ஏற்பட்ட மயக்கம் யாது?

இ. விரிவான விடையளிக்க.
1. பயனில சொல்லாமைக்கும் இப்பாடத்தின் கருத்துக்கும் முரண் உண்டா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. ஏரி வெட்டிய கதையில் வரும் சிறுவனையும் உரையாடலில் வரும் அம்மையாரையும் ஒப்பிடுக.

ஈ. செயல்பாடு
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது உறவினர் ஒருவருடன் ஒரு செடியைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்குக. பேச்சு எவ்வெப் பொருள்களுக்குச் சென்றது என்பதை வரிசையாக எழுதுக. புதிதாக அறிந்த ஐந்து சொற்களைப் பொருளுடன் குறித்து வகுப்பில் பகிர்க.