பாவித்த பிக்கப் வாங்கிய பின்: முதற் செலவு எதற்கு?

வியாபாரிக்குச் சொந்த வாகனம் என்பது இன்னொரு கடை வைத்திருப்பதைப் போன்றது. ஒழுங்காக நடத்தினால் உழைத்துத் தரும். கவனிக்காமல் விட்டால் முதலையே தின்றுவிடும். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டில்தான் படிப்படியாகத் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து வருடங்களில் நம்மில் பலர் இருபது, முப்பது வருடம் ஓடிய பிக்கப்களையே நல்ல விலை கொடுத்து வாங்கினோம். இன்றும் சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் பாவித்த வாகனம்தான்.

வாங்கியது சரியா, பிழையா என்பது இக்கட்டுரையின் விடயமல்ல. வாங்கியாகிவிட்டது, சாவி கையில் இருக்கிறது. இனி முதல் பணத்தை எதில் போடுவது என்பதே கேள்வி. நான் காண்பது என்னவென்றால், பலரது முதற் பணம் பெயின்டுக்கும் சில்லுக் கோப்பைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் போகிறது. இரண்டாம் மாதம் வாகனம் சரக்கோடு வழியில் நிற்கும்போது கையில் பணமில்லை.

நான் பின்பற்றுகின்ற ஒழுங்கு எளிமையானது. வாகனம் முதலில் நிற்க வேண்டும், அதாவது மிதித்த இடத்தில் பிரேக் பிடிக்க வேண்டும். இரண்டாவதாக, நம்பி ஓட வேண்டும். மூன்றாவதாக, உழைக்க வேண்டும். அழகு அதற்குப் பிறகுதான். வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கையாவது இதற்கென ஒதுக்கி வைக்காமல் பாவித்த வாகனம் எடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

1. முதலில் பத்திரம்

பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் வாகனத்தில் உள்ளவையும் ஒன்றா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். பழைய பிக்கப்களில் என்ஜின் மாற்றியிருப்பது சாதாரண விடயம். மாற்றியது பதியப்பட்டிருக்கிறதா என்பதுதான் முக்கியம். 'ஓபன் பேப்பரில்' வைத்துக்கொண்டே ஓட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விபத்து நடந்தாலோ, காப்புறுதிப் பணம் கேட்கப் போனாலோ, விற்க நினைத்தாலோ அன்றுதான் அதன் கஷ்டம் தெரியும். பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

2. நிற்க வேண்டும்

கராஜுக்குப் போக முன்னர் ஓட்டுநர் ஆசனத்தில் அமர்ந்தபடியே இரண்டு பரிசோதனைகள் செய்யலாம். என்ஜினை நிறுத்திவிட்டு பிரேக் மிதியை ஐந்தாறு தடவை மிதித்து, பின்னர் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ பிரேக் ஒயில் கசிகிறது. வெளியே கசிவைக் காணவில்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்திருக்கும். அடுத்து, மிதியை அழுத்தியபடியே என்ஜினை இயக்குங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

டீசல் வாகனக்காரர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சு சக்தியைத் தருவது தனியான ஒரு பம்ப். பழைய டீசல் ஹைலக்ஸ் பலவற்றில் அது ஓல்டர்னேட்டரின் பின்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பம்ப் இல்லாத ஓல்டர்னேட்டரைப் போட்டால் பெட்டரி சார்ஜ் ஏறும், ஆனால் பிரேக் கல்லாகிவிடும்.

முன்னர் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பிரேக் ஒயிலை முழுவதுமாக வெளியேற்றிப் புதிதாக நிரப்புங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் சேர்ந்த ஒயில் நீண்ட இறக்கத்தில் சூடேறிக் கொதிக்கும். அப்போது மிதி பஞ்சு போல உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. பின் சில்லுகளின் டிரம்மைக் கழற்றி லைனரையும் சிலிண்டரையும் பார்க்காமல் எந்தச் சரக்கும் ஏற்றாதீர்கள்.

டயரில் பட்டனின் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் கொண்ட சிறு முத்திரை இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் நிறைய இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்த பழைய டயர் பாரம் தாங்காது. காருக்குரிய டயரையும் பிக்கப்பில் போடக் கூடாது. இங்கு பரவலாகப் பாவிக்கப்படும் 195ஆர்14சி, 8 பிளை டயரில் 106/104 என்று அச்சிட்டிருக்கும். 106 என்றால் தனியாகப் பூட்டிய ஒரு டயர் 950 கிலோ வரை தாங்கும். அந்தப் பாரம் உரிய காற்றழுத்தம் இருந்தால்தான்.

3. நம்பி ஓட வேண்டும்

மீற்றரில் காட்டும் கிலோமீற்றரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நீங்கள் வாங்கிய நாளையே பூச்சிய நாளாக வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் ஒயில், ஒயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், எயார் ஃபில்டர், கியர்பொக்ஸ் ஒயில், டிஃபரன்ஷியல் ஒயில், கூலன்ட் ஆகிய அனைத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். "நானா, போன மாதம்தான் மாற்றினேன்" என்று விற்றவர் சொன்னாலும் மாற்றுங்கள். அவர் உண்மை சொல்லியிருந்தால் உங்களுக்குச் சிறு நட்டம். இல்லாவிட்டால் ஒரு என்ஜின் தப்பியது.

டைமிங் பெல்ட் விடயத்தில் இது இன்னும் கண்டிப்பானது. ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல் டீசல் என்ஜின்கள் பெல்ட்டில் ஓடுபவை. 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை அதனை மாற்றும்படி டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டை மாற்றாமலே அந்த விளக்கை அணைத்துவிடவும் முடியும். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். மிட்சுபிஷியின் 4டி56 என்ஜினில் பிரதான பெல்ட்டுடன் சிறிய பெல்ட் ஒன்றும் உண்டு. சிறியது அறுந்து பெரியதில் சிக்கினாலும் இதே கதிதான். ஆகவே இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். நிசானின் டிடி27 போன்ற, பல்சக்கரத்தில் ஓடும் என்ஜின்களுக்கு இந்தக் கவலை இல்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

4. குறையைக் கண்டுபிடித்த பின் கழற்றுங்கள்

பாவித்த வாகனத்தில் பணம் வீணாவது பாகங்களின் விலையால் மட்டுமல்ல. காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதாலும் வீணாகிறது. விலை குறைந்ததையும் வெளியே இருப்பதையும் முதலில் பாருங்கள். விலை கூடியதும் உள்ளே இருப்பதும் கடைசியில்.

எங்கள் கடைக்கு எடுத்த ஹைலக்ஸ் வெறுமையாக ஓடும்போது ஒரு குறையும் காட்டவில்லை. புறக்கோட்டையில் சரக்கேற்றிக் கண்டிக்கு வரும்போது மட்டும் கடுகண்ணாவை ஏற்றத்தில் சூட்டு முள் மேலே ஏறியது. ஒரு கராஜில் பார்த்த மாத்திரத்தில் "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும்" என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. எங்களுக்கு வழமையாக வேலை செய்யும் பாஸிடம் கொண்டு போய், இருவருமாக ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

தண்ணீர் குறைகிறதா? இல்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு இயக்கினால் குமிழி வருகிறதா? இல்லை. ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருக்கிறதா? அதுவும் இல்லை. அப்படியானால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை. தட்டையான பாதையில் வேகமாக ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் வரும். ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். என்ஜினைச் சூடாக்கி நிறுத்திய பின் ஃபேனைக் கையால் சுழற்றினோம். சூட்டில் இறுகி நிற்க வேண்டிய ஃபேன் காற்றாடி போலச் சுழன்றது. அதன் நடுவிலுள்ள, உள்ளே ஒயில் நிரப்பிய கப்ளிங் பழுது. ரேடியேட்டர் தகடுகளுக்கிடையில் சேறும் பூச்சிகளும் வேறு அடைத்திருந்தன. கப்ளிங்கை மாற்றி, என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினோம். ஹெட்டைத் தொடவே இல்லை.

அந்த வாகனத்தில் தேமோஸ்டட் வால்வும் இருக்கவில்லை. நம் நாடு சூடு என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது பழைய பழக்கம். அது இல்லாத என்ஜின் உரிய சூட்டுக்கு வர நேரமெடுக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றிச் சூட்டை இன்னும் கூட்டும். திரும்பவும் பொருத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

புகையும் ஒரு மருத்துவர்தான். கறுப்புப் புகையென்றால் காற்றுக் குறைவு அல்லது டீசல் அதிகம். முதலில் எயார் ஃபில்டர், பின்னர் நொசில். நீலப் புகையென்றால் ஒயில் எரிகிறது. காலையில் மட்டும் வெள்ளைப் புகை வந்து, சூடான பின் நின்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்து வந்தால்தான் ஹெட் கேஸ்கட் சந்தேகம்.

காலையில் இயங்க மறுத்தால் உடனே புதிய பெட்டரி வாங்க ஓடாதீர்கள். இரவு முழுவதும் நின்ற பெட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இரண்டும் சரியென்றால் பெட்டரி முனைகளையும், என்ஜினுக்கும் செசிக்கும் போகும் ஏர்த் வயரையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். என்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் டீசல் குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், அல்லது ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை வெளியேற்றி, மேலேயுள்ள கைப் பம்பை அழுத்திப் பாருங்கள். செலவு ஒரு சதமும் இல்லை.

5. உழைக்க வேண்டும்

இனித்தான் மேம்படுத்தல். நம்மவர்கள் முதலில் செய்வது பின் ஸ்பிரிங்கில் இன்னும் இரண்டு தகடுகளைச் சேர்ப்பது. இதனால் வாகனம் பாரத்தில் தாழாது என்பது உண்மை. ஆனால் அதன் கொள்ளளவு கூடாது. அச்சு, பிரேக், டயர், செசி ஆகியவை அதே பழையவைதான்.

இதில் பலர் அறியாத ஆபத்தொன்றும் உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி செசியிலுள்ள வால்வுக்குப் போகும். சரக்கேற்றி வாகனம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்கைக் கூட்டிக் கொடுக்கும். வெறுமையாக உயர்ந்து நின்றால் பின் சில்லு சறுக்காதபடி குறைத்துக் கொடுக்கும். தகடுகளைச் சேர்த்து உயர்த்தினால், ஒரு தொன் ஏற்றியிருந்தாலும் வாகனம் வெறுமை என்றே வால்வு எடுத்துக்கொள்ளும். பாரம் கூடிய நேரத்தில் பின் பிரேக் குறைந்துவிடும். ஸ்பிரிங்கில் கை வைத்தால் அந்தக் கம்பியையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்தே ஆக வேண்டும். தளர்ந்த தகடுகளை அதே அளவில் மாற்றி, புஷ், ஷொக் அப்சோபர் ஆகியவற்றைப் புதுப்பிப்பதே பெரும்பாலும் போதுமானது.

சரக்குத் தட்டைக் கவனியுங்கள். உப்பு, மீன், கருவாடு ஏற்றுபவர்கள் அன்றன்றே தண்ணீரால் கழுவ வேண்டும். தட்டின் மூலைகளிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டால் துரு அடியிலிருந்து தின்னும். செசியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஓசைக்குப் பதிலாக மந்தமான ஓசை வந்தால் அங்கே துரு. நல்ல படங்கும், கயிறு கட்டக் கொளுக்கிகளும் சிறு செலவுதான். ஒரு மழையில் நனையும் மூடை சீனியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூரை, கூண்டு போன்று உடலமைப்பை மாற்றுவதென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

6. வாகனத்துக்கும் ஒரு கொப்பி

கடன் கொப்பி வைக்காத கடைக்காரர் இல்லை. ஆனால் வாகனத்துக்குக் கொப்பி வைத்திருப்பவர் எத்தனை பேர்? திகதி, மீற்றர், டீசல் லீற்றர், செய்த வேலை, கொடுத்த பணம் ஆகிய ஐந்து நிரல்கள் போதும். தாங்கியை நிரப்பி ஓடி, மறுபடியும் நிரப்புங்கள். 540 கிலோமீற்றருக்கு 54 லீற்றர் போனால் லீற்றருக்குப் பத்து. அது எட்டாக இறங்கினால் புகை வருமுன்னரே கொப்பி உங்களுக்குச் சொல்லிவிடும்.

கொப்பியின் பெரிய பயன் வேறு. உதாரணமாக, ஒரு மாதத்தில் 1,500 கிலோமீற்றர் ஓடி, டீசல், திருத்தம், டயர்த் தேய்மானம், காப்புறுதியின் மாதப் பங்கு, ஓட்டுநர் சம்பளம் எல்லாம் சேர்த்து 120,000 ரூபாய் போனதென்றால் கிலோமீற்றருக்கு 80 ரூபாய். 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடைக்குச் சரக்குக் கொடுத்துத் திரும்ப 6,400 ரூபாய் செலவு. அந்தச் சரக்கில் இலாபம் 5,000 ரூபாய் என்றால் நீங்கள் வியாபாரம் செய்யவில்லை, கைக்காசு கொடுத்துச் சரக்கு சுமக்கிறீர்கள். அந்தக் கடையை இன்னும் இரண்டு கடைகளோடு ஒரே பயணத்தில் சேருங்கள், அல்லது கூலியைப் பேசி வாங்குங்கள். லொறிக்காரரிடம் கொடுப்பதே இலாபம் என்று கணக்குச் சொன்னால் அதையும் செய்யுங்கள்.

வாகனம் ஏற்கனவே வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்த வாரமே இரண்டு காரியங்களைச் செய்யலாம். பிரேக் மிதியை மேலே சொன்னபடி மிதித்துப் பார்த்தல், ஒரு கொப்பி வாங்கி இன்றைய மீற்றரை எழுதுதல். ஐந்து நிமிட வேலை. அந்த வாகனத்தில் ஏறுவது உங்கள் பிள்ளையாகவோ, உங்களை நம்பி வேலைக்கு வந்த இன்னொருவருடைய பிள்ளையாகவோ இருக்கும். பெயின்ட் அடுத்த வருடம் அடிக்கலாம்.