ஆங்கிலத்தில் பேச: ஒட்டுச் சொல்லை விட்டுவிடாதீர்கள்!

‘கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது’ என்பதுபோல் செயப்பாட்டு வினையில் பேசும்போது இவற்றைக் கவனியுங்கள்:

● தள்ளிவைத்தால் ‘தி மீட்டிங் வாஸ் புட் ஆஃப்’. ரத்தானால் ‘கால்ட் ஆஃப்’. இரண்டையும் மாற்றிச் சொன்னால் தகவலே தவறாகிவிடும்.

● வினையோடு வரும் ஆஃப், ஆஃப்டர், அப் போன்ற சிறு சொற்கள் கடைசிவரை கூடவே நிற்க வேண்டும். ‘தி சைல்ட் வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் கிராண்ட்மதர்’ என்பதில் ஆஃப்டர், பை இரண்டும் அடுத்தடுத்து வருவது சரியே.

● வினையின் மூன்றாம் வடிவமே வரும்: டேக் என்பது டேக்கன், த்ரோ என்பது த்ரோன். ‘தி ஓல்ட் பேப்பர்ஸ் வேர் த்ரோன் அவே.’

● ‘ஐ வாஸ் குரோன் அப் இன் மதுரை’ என்பது தவறு. ‘ஐ குரூ அப்’ அல்லது ‘ஐ வாஸ் பிராட் அப்’ என்று சொல்லுங்கள். தானே நிகழும் செயலுக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. வண்டி பழுதாகி நின்றாலும் ‘தி பஸ் புரோக் டவுன்’ என்பதே சரி.

● ஆட்குறைப்பில் வேலை இழந்தவரை ‘ஹி வாஸ் லெய்ட் ஆஃப்’ என்பார்கள். தவறு செய்து நீக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது.

புதிய வினையைத் தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல், முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.