கூட்டிலிருந்து தள்ளி நில்

அன்புள்ள தங்கைக்கு,

பங்குனி பிறந்துவிட்டது, பறவைகள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். இருக்கிற லென்ஸே போதும். இந்தப் பருவத்தில் கேமராவைத் தூக்கும் எவரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கூட்டைப் படம் எடுக்காதே.

கடுமையாகத் தோன்றும். காரணம் சொல்கிறேன். உங்கள் கண்மாய்க்கரை மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே பச்சைப் பஞ்சுருட்டான், அது மண்கரையில் வளை தோண்டி முட்டையிடும். மிலிந்த் வாட்வேயும் சக ஆய்வாளர்களும் 2002இல் இந்தப் பறவையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆள் நிற்கும் இடத்திலிருந்து வளை தெரியுமென்றால் பஞ்சுருட்டான் உள்ளே போகத் தயங்குகிறது. வளை கண்ணில் படாத இடத்தில் ஆள் நின்றால் அந்தத் தயக்கம் குறைகிறது. நாம் இருப்பதை மட்டுமல்ல, நம் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதையும் அந்தச் சின்ன உயிர் கணக்கில் எடுக்கிறது! ஆகவே, அலகில் தும்பியைக் கவ்வியபடி அது வெகுநேரம் கம்பியிலேயே இருந்தால் உனக்காக நிற்கிறது என்று எண்ணாதே. நீ எப்போது போவாய் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. வளைக்குள் குஞ்சுகள் பசியோடு கிடக்கலாம்.

ஆள்காட்டியின் பாடு இன்னும் மோசம். வெட்டவெளியில், கூழாங்கற்களுக்கு நடுவே, பெரும்பாலும் நான்கு முட்டைகள். சித்திரை உச்சிவெயிலில் அது முட்டைமேல் உட்காருவது சூடு கொடுக்க அல்ல, நிழல் கொடுக்க. தண்ணீரில் வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளைக் குளிர்விக்கவும் செய்யும். தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றும் ஆள்காட்டி படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது சுற்றும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் வேகின்றன. கத்தல் கேட்டதுமே வந்த வழியே திரும்பிவிடு, காலடியைப் பார்த்து நட.

கூடு தெளிவாகத் தெரியட்டும் என்று சுற்றியுள்ள கிளைகளை ஒடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயிலுக்கும் காக்கைக்கும் கதவைத் திறந்துவிடும் வேலை அது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வதை 'வேட்டை' என்பதற்குள்ளேயே வைத்திருக்கிறது. செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று ஆண் பறவை தன் வேலையை விட்டுவிட்டு அலையும்.

அப்படியானால் எதைத்தான் எடுப்பது என்பாய். ஏராளம் இருக்கிறது. பூத்து நிற்கும் கல்யாண முருங்கைக்குக் கீழே விடியலில் உட்கார். தேன்சிட்டு, மைனா, கரிச்சான் எல்லாம் அங்கே வரும். வடக்கே திரும்பப்போகும் சோளக்குருவிக் கூட்டத்தில் ரோஜா நிறம் ஏறியிருக்கும். பஞ்சுருட்டானையே வளையிலிருந்து வெகுதூரத்தில் எடு. பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் புறப்பட்ட கொம்புக்கே திரும்பி, அதில் அடித்துக் கொன்று தின்னும். கொம்பின்மேல் ஃபோகஸ் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/2000க்குக் கூட்டிக் காத்திரு. காலை எட்டு, எட்டரைக்கு மேல் கானல் எழும்பிவிடும், எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸ் ஆனாலும் படம் கலங்கும். அந்த நேரத்தில் நிழலுக்குப் போய் பைனாகுலரில் பார், குறிப்பு எழுது.

மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்களைத் தேடிப் பார். தானே பாகங்களைச் சேர்த்து உருவாக்கிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950 முதல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையையும் ஓணானையும் பற்றி எழுதியவர் அவர். அரிய பறவையைத் தேடி ஓடும் இன்றைய அவசரத்தைவிட இந்த அக்கறை எவ்வளவோ உயர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

பார்த்ததை ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய், ஆனால் கூடு இருக்கும் இடத்தை எங்கும் எழுதாதே. தகைவிலான்கள் இந்த ஆண்டு உங்கள் கண்மாயை விட்டு எந்தத் தேதியில் கிளம்புகின்றன என்பதையும் குறித்து வை. கடைசியாகக் கண்ட நாள் எது என்பது பிறகுதான் தெரியும், அதனால் நாளையிலிருந்தே தினமும் எழுத வேண்டியிருக்கும்.

அன்புடன்,
அக்கா