ஓரணாச் சிற்றுண்டி

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. உடலாகிய சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வியாகிய சித்திரம் அதில் நிலைபெறும். இவ்வுண்மையை வாயால் கூறியவர் பலர். அதனை நகரத்தின் செலவுக் கணக்கிலே எழுதிக் காட்டியவர் சர் பிட்டி தியாகராயர்.

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு பிறந்தார். நெசவு, தோல் பதனிடுதல் முதலிய தொழில்களை நடத்தினார். பின்னர்ச் சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவரானார். அக்காலத்தில் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் தொகை குறைவாக இருந்தது. அங்குப் பயில வேண்டிய பிள்ளைகள் ஏழைகள். அவர்களுடைய வறுமையே பள்ளியின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். 1920-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், அப்பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் இசைவளித்தது. ஒரு மாணவனுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிட வேண்டும் என்பது விதி. ஓர் அணா என்பது ஒரு ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

அச்சிறு தொகை பெரும்பயன் விளைத்தது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922-23-இல் 811-ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25-இல் 1,671-ஆக உயர்ந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்று அன்றைய ஆங்கில அரசு தடுத்தமையால், 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அது தடைப்பட்டது. உணவு வேறு, கல்வி வேறு என்று ஆட்சியாளர் எண்ணினர். பசித்த பிள்ளைக்கு அவ்விரண்டும் ஒன்றே.

நல்ல வித்து அழிவதில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபொழுது, 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1982-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர்.

எனினும், அக்காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் காலையில் எதை உண்பது என்னும் பொறுப்பு வீட்டினுடையது, வளர்ந்த மாணவனுடையதுமாகும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பொழுது விடியுமுன்னே துறைமுகத்திற்கும் ஆலைக்கும் புறப்படும் பெற்றோர் பலர். அவ்வீடுகளில் பிள்ளைகள் தாமே எழுந்து, தேநீர்க்கடையில் ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பொறையும் உண்டு பள்ளிக்கு ஓடுவதுண்டு. வயிற்றின் கூச்சல் அடங்கிவிடும். உடலின் பசியோ அடங்காது.

வயிறு நிரம்புதல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்பதை ஆராய்ந்து காட்டிய இடமும் தமிழ்நாட்டிலேயே உள்ளது. இராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவ அறிஞர் 1918-இல் நீலகிரியிலுள்ள குன்னூரில் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்புநோக்கினார். முழுத் தானியம், பருப்பு, பால், காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் உண்டவை மெலிந்தன. அரிசியைத் தீட்டும்பொழுது தவிட்டோடு உயிர்ச்சத்தும் நீங்கிவிடுவது இதற்கு ஒரு காரணமாகும். அவ்வாராய்ச்சிக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என வழங்குகிறது.

பதின்மூன்று முதல் பதினைந்து வயதுள்ளவர்க்கு நாள்தோறும் 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று அந்நிறுவனம் வகுத்துள்ளது. எலும்பு விரைந்து நீளும் பருவம் அது. இரும்புச் சத்து அவ்வயதில் சிறுவர்க்கு 22 மில்லிகிராமும், சிறுமியர்க்கு 30 மில்லிகிராமும் தேவை. சிறுமியர்க்கே தேவை மிகுதி. ஆயினும் பல இல்லங்களில் அவர்கள் கடைசியில் அமர்ந்து, எஞ்சியதை உண்கின்றனர். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 59 பேர் இரத்தச்சோகை உடையவர். சோர்வும், மூச்சிரைப்பும், பாடத்தில் மனம் ஊன்றாமையும் அதன் அறிகுறிகள். சோம்பல் என்று கடியப்படும் பிள்ளைக்கு உண்மையில் இரத்தம் குறைந்திருத்தல் கூடும்.

இக்குறையை நீக்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. காசிமேட்டுக் கரையில் இறங்கும் நெத்திலி, மத்தி முதலிய சிறு மீன்கள் புரதம் மிக்கவை. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கேழ்வரகில் அச்சத்து அரிசியில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆடித் திங்களில் அம்மன் கோயில்களில் வார்க்கும் கூழ் ஆண்டு முழுதும் உண்ணத்தக்கது. முருங்கைக்கீரை கொல்லையிலேயே கிடைக்கும். மீன் உண்ணாதார்க்குப் பருப்பும் வேர்க்கடலையும் உள்ளன. கீரையும் பருப்பும் தரும் இரும்பை உடல் ஏற்க நெல்லிக்கனி துணைபுரியும். உணவோடு பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். ஆதலின் தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுதல் நன்று.

பள்ளி வாயிலில் விற்கும் பொரித்த பண்டங்கள் உப்பும் எண்ணெயும் மிக்கவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. இனிப்பூட்டிய குளிர்பானம் 200 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கும். அது நான்கைந்து தேக்கரண்டியளவு. நாவுக்கு இனியதெல்லாம் உடலுக்கு இனியதன்று. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தைத் திறப்பவர், அங்கு உணவின் அளவையும் காலத்தையும் பற்றிய அறிவுரையே மிகுந்திருக்கக் காண்பர்.

ஓர் அணாவைக் கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்தார் தியாகராயர். அணா இன்று வழக்கில் இல்லை; அவர் கண்ட உண்மை வழக்கொழியவில்லை. காலையில் ஒரு கிண்ணம் கூழோ, மோர் கலந்த பழைய சோறோ உண்டு புறப்படும் மாணவன், அறிவுக்கு வேண்டிய முதற்பாடத்தை வீட்டிலேயே கற்றுவிட்டான். தன் தங்கைக்கும் சம பங்கு கிடைத்ததா என்று நோக்கிப் புறப்படுபவன், அதனினும் உயர்ந்த பாடத்தைக் கற்றவனாவான்.

வினாக்கள்

1. தியாகராயர் பள்ளியில் சிற்றுண்டி வழங்க முற்பட்ட காரணம் யாது? அதனால் விளைந்த பயன் என்ன?
2. குன்னூரில் நடந்த ஆராய்ச்சி உணர்த்தும் உண்மை யாது?
3. சிறுமியர்க்கு இரும்புச் சத்து மிகுதியாக வேண்டியிருந்தும் குறைவாகக் கிடைப்பது ஏன்?
4. நும் வீட்டில் ஒரு நாள் உண்ணும் உணவைப் பட்டியலிட்டு, அதில் சேர்க்கத்தக்கதையும் குறைக்கத்தக்கதையும் எழுதுக.